ஆமை ஓட்டில் ஒரு சில்லு பெயர்ந்தால்

‘ஓடு’ என்ற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். கூரை ஓடு உடைந்தால் சிமென்ட் பூசுகிறோம், தண்ணீர்த் தொட்டி கீறல் விட்டால் எம்-சீல் வைக்கிறோம். ஆமை ஓட்டில் ஒரு சில்லு பெயர்ந்ததும் கை தானாக அந்தப் பக்கமே போகிறது. ஆனால் ஆமைக்கு ஓடு என்பது வெளியே மாட்டிய கூடு இல்லை. மேலே தெரிகிற தகடுகள் நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின். அதற்குக் கீழே மெல்லிய உயிருள்ள தோல். அதற்கும் கீழே எலும்பு. விலா எலும்புகளும் முதுகெலும்பும் விரிந்து ஒன்றோடொன்று கூடிப்போன எலும்பு. அதில் ரத்தம் ஓடுகிறது, நரம்பு ஓடுகிறது. முதுகை விரலால் தடவினால் ஆமைக்குத் தெரியும், அடிபட்டால் வலிக்கும். மேலோட்டின் உட்புறத்தை ஒட்டியே நுரையீரல் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனவே ‘சின்னக் காயம்’ என்று நான் சொல்வது கெரட்டினோடு நின்றுபோன காயத்தை. சிராய்ப்பு, கீறல், ஓரத் தகட்டில் நுனி பெயர்ந்தது, இவ்வளவுதான். எலும்பு வரை போனது எதுவும், பார்க்கக் கடுகளவாக இருந்தாலும், சின்னக் காயம் கிடையாது.

வீட்டில் இருப்பது எந்த ஆமை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். புதுச்சேரி, கடலூர் வீடுகளில் இன்று வளர்பவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சல்காட்டா நில ஆமை. மற்றொன்று, மீன் கடைகளில் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் விற்று, பிறகு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்கிற சிவப்புக்காது நீர் ஆமை. சல்காட்டா பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. வைத்திருப்பவர்கள் 2024ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. அடிபட்ட நட்சத்திர ஆமை கையில் கிடைத்தால் மருந்து தேடுவதற்கு முன் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் ஊசுட்டேரி, பாகூர் ஏரி, பெருமாள் ஏரிப் பக்கத்துச் சாலைகளில் ஊர்ந்து வந்து வண்டியில் அடிபடும் பால் ஆமைக்கும் இதே கதைதான். தவிர, பால் ஆமையின் மேலோட்டில் தகடே கிடையாது, தோல்தான் மூடியிருக்கும். கீழே சொல்லும் முறை அதற்குப் பொருந்தாது. அது கடிக்கும் வேறு.

இனி காயத்தைப் பார்ப்போம். ஆமையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஈரத்துணியால் மண்ணைத் துடையுங்கள். புதுச்சேரியின் மேட்டுப் பகுதிகளில் செம்மண் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: செம்மண் தகட்டு வளையங்களுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், பார்த்தால் காய்ந்த ரத்தம்போலவே இருக்கும். வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காவி நிறம் சீராக வந்தால் மண். ஒரே இடத்திலிருந்து கருஞ்சிவப்பாக வந்துகொண்டிருந்தால் ரத்தம்.

அடுத்து டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் பள்ளம் தெரியாது, சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து ஆழத்தைக் காட்டிவிடும். கெரட்டினில் மட்டும் பட்ட சிராய்ப்பு, நகத்தைச் சுவரில் தேய்த்ததுபோல் வெள்ளையாகப் பொடிபடிந்து, காய்ந்து இருக்கும். தகடு பெயர்ந்த இடம் வழவழப்பான வெளிர்மஞ்சளாகவோ வெளிர்பழுப்பாகவோ தெரிந்தால் கெரட்டினின் அடுத்த அடுக்கு இன்னும் இருக்கிறது. ரஸ்க்கைப் பிட்ட இடம்போல் நுண்துளைகளோடு, சற்று ஈரமாக, தந்த நிறத்தில் தெரிந்தால் அது எலும்பு. பிறகு ஒரு தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் காயத்தின் விளிம்பை மெதுவாக அழுத்துங்கள், குத்த வேண்டாம். கட்டை மேசையைத் தட்டுகிற உணர்வு வந்தால் நல்லது. ரப்பர்போல் உள்வாங்கினாலோ, அழுத்தும்போது கசிவு வந்தாலோ, ஆமை அந்தப் பக்கத்துக் காலைச் சடாரென்று உள்ளிழுத்தாலோ அங்கே வேறு விஷயம் இருக்கிறது. கடைசியாக மூக்கைக் கொண்டுபோய் மோந்து பாருங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, கண்ணுக்குத் தெரியும் முன்பே அழுகல் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

ஒரு வயதுக்குள் இருக்கும் குஞ்சுகளுக்கு ஓடு முழுவதுமே கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதைக் காயத்தின் மென்மையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அடிபடாத பக்கத்தில் அதே தகட்டை அழுத்தி ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

வீட்டில் வைத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் போக வேண்டியவை: பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், எலும்பு தெரிவது, இரண்டு பக்கமும் தனித்தனியாக அசைகிற விரிசல், மேலோட்டுக் காயத்தில் மூச்சோடு சேர்ந்து நுரையோ குமிழோ வருவது (நுரையீரல் வரை போய்விட்டது என்று அர்த்தம்), மேலோடும் வயிற்றுப் பக்கத்து அடியோடும் சேர்கிற பக்கவாட்டில் பட்ட அடி, பின்காலை இழுத்து நடப்பது, புழு. நாய் கடித்தது எப்படியிருந்தாலும் இந்தப் பட்டியலில்தான். வெளியே இரண்டு பல் தடம் மட்டும் இருக்கும், உள்ளே எலும்பு நொறுங்கி, நாயின் வாய்க்கிருமி இறங்கியிருக்கும். பெருச்சாளி இரவில் ஓரத் தகட்டைக் கொறித்ததும் பெரும்பாலும் அப்படியே. தொடர்ந்து ஒரே இடத்தைக் கொறிப்பதால் எலும்பு வரை போய்விடும்.

ஓரத் தகட்டில் துளை போட்டுக் கயிறு கட்டுகிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. நகத்தில் துளை போடுவதாக நினைத்துச் செய்கிறார்கள். உண்மையில் எலும்பில் துளை போடுகிறார்கள். அந்தத் துளைக்குள் கயிறு உராய்ந்து, ஈரம் தங்கி, வருடக்கணக்கில் அழுகிக்கொண்டிருக்கும். கயிற்றை வெட்டி எடுங்கள், அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருந்துக் கடையில் வாங்க வேண்டியவை அதிகமில்லை. நார்மல் சலைன் 100 மி.லி. பாட்டில், 10 மி.லி. சிரிஞ்சு ஊசியில்லாமல், கையுறை, காஸ் துணி, பொவிடோன் அயோடின், சில்வர் சல்ஃபாடயசின் 1 சதவீத க்ரீம். பஞ்சு வேண்டாம். அதன் இழை தகட்டின் ஓரத்தில் மாட்டிக்கொண்டு, மறுநாள் எடுக்கும்போது ஆறிய மேல்தோலையும் சேர்த்து இழுத்துவரும். அயோடின் கேட்கும்போது “அண்ணா, பெட்டாடைன் குடுங்க” என்று பொதுவாகக் கேட்டால் எது முன்னால் இருக்கிறதோ அது வரும். “சொல்யூஷன், ஸ்க்ரப் இல்ல” என்று சொல்லிக் கேளுங்கள். ஸ்க்ரப் என்பது அறுவைக்கு முன் கை கழுவுவது, நுரைக்கிற சோப்பு கலந்தது, காயத்துக்கு ஆகாது. க்ரீம் வாங்கும்போது அட்டையைத் திருப்பி உட்பொருளைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு கலவை. படை, அரிப்பு, சேற்றுப்புண் என எல்லாவற்றுக்கும் தூக்கிக் கொடுக்கும் சரக்கு அது. ஆமையின் காயத்தை ஆறவிடாது. லிக்னோகெய்ன்போல் ‘கெய்ன்’ என்று முடிகிற மரப்பு மருந்து கலந்ததும் வேண்டாம்.

சலைன் கிடைக்கவில்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறியபின் 9 கிராம் உப்பைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் போட்டுக் கரைத்துக்கொள்ளலாம். கண்ணளவில் ஒரு கை உப்பு அள்ளிப் போடக் கூடாது. அடர்த்தி கூடினால் உயிருள்ள தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அன்றன்றைக்குச் செய்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

பொவிடோன் அயோடினை அப்படியே ஊற்றுவதுதான் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறுகளில் முதன்மையானது. கடையில் 5, 10 என்று இரண்டு சதவீதத்தில் கிடைக்கிறது. நமக்கு வேண்டியது 1 சதவீதம். பாட்டிலில் 10 என்று இருந்தால் 5 மி.லி. மருந்துக்கு 45 மி.லி. தண்ணீர். 5 என்று இருந்தால் 10 மி.லி. மருந்துக்கு 40 மி.லி. தண்ணீர். சிரிஞ்சால் அளந்துவிடலாம். பால் கலக்காத லேசான தேநீர் நிறம் வந்தால் சரி, டிகாக்ஷன்போல் கருத்திருந்தால் கூடுதல். அடர்த்தியாகப் போட்டால் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளர வந்த செல்களையும் கொன்றுவிடும். நாம் தினமும் கொன்றுகொண்டே இருப்போம், காயம் ஏன் ஆறவில்லை என்று புலம்பிக்கொண்டும் இருப்போம்.

ஆமையை நிலையாக உட்காரவைக்க வீட்டிலேயே ஒரு நல்ல சாதனம் இருக்கிறது. பானைக்கு அடியில் வைக்கும் பிரிமணை. அதைச் சுத்தமான துணியால் சுற்றி மேசைமேல் வைத்து, ஆமையின் அடியோடு நடுவில் உட்காருமாறு வையுங்கள். நான்கு காலும் தரையைத் தொடாமல் அந்தரத்தில் இருக்கும். கொஞ்ச நேரம் துழாவிவிட்டு அடங்கிவிடும். பெரிய சல்காட்டாவுக்குப் பழைய ஸ்கூட்டர் டயர். மல்லாக்கப் போட்டு வேலை செய்யாதீர்கள். அந்த நிலையில் குடலும் ஈரலும் நுரையீரல்மேல் இறங்கி அழுத்தும், ஆமைக்கு மூச்சு முட்டும். அடியோட்டில் காயம் என்றால் இன்னொருவர் ஆமையைத் தலை மேலே இருக்குமாறு செங்குத்தாகப் பிடித்துக்கொள்ள, ஓரிரு நிமிடத்தில் முடிக்க வேண்டும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா இருப்பது சகஜம். அதற்கு ஒன்றும் செய்யாது, நமக்கு வயிற்றுப்போக்கு வரும். பாத்திரம் தேய்க்கிற தொட்டியில் இந்த வேலை வேண்டாம்.

சலைன் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்திவைத்து, மணிக்கட்டில் சொட்டுவிட்டுப் பாருங்கள். சூடும் இல்லை குளிரும் இல்லை என்றால் சரி. சிரிஞ்சில் 10 மி.லி. எடுத்துக் காயத்துக்கு இரண்டு விரல் தூரத்தில் பிடித்துச் சாய்வாகப் பாய்ச்சுங்கள். ஆமையைக் கொஞ்சம் சரித்து வைத்தால் அழுக்குத் தண்ணீர் வெளிப்பக்கம் வழியும். கால் இடுக்குக்குள்ளோ கழுத்துப் பக்கமோ போகக் கூடாது. நான்கைந்து சிரிஞ்சு போகும். வழிகிற தண்ணீர் தெளிவாகும் வரை பாய்ச்ச வேண்டும், அதுதான் கணக்கு. பெயர்ந்த இடத்தின் ஓரத்தில் மண் துகள் ஒட்டியிருந்தால் குழந்தைகள் பல் துலக்கும் மென்மையான பிரஷ்ஷால், உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் ஓரத்து அழுக்கு நடுவுக்குப் போகும்.

பாதி பெயர்ந்து தொங்குகிற தகட்டுத் துண்டு இருந்தால் பிய்க்காதீர்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் பாகத்தில் உயிருள்ள தோல் இருக்கிறது. அதன் அடியிலும் சலைனைப் பாய்ச்சிவிட்டுப் பழைய இடத்திலேயே படியவிடுங்கள். வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு துணியில் மாட்டுகிற முனையை மட்டும் நகவெட்டியால் நறுக்கலாம்.

அடுத்து, காஸை நீர்த்த அயோடினில் நனைத்து, பிழிந்து, காயத்தின்மேல் ஐந்து நிமிடம் படியவையுங்கள். தொட்டவுடன் துடைத்தால் வேலை செய்ய நேரமே கிடைக்காது. பிறகு சலைனால் ஒருமுறை கழுவி, உலர்ந்த காஸால் ஒற்றி எடுத்து, பதினைந்து நிமிடம் காற்றில் விடுங்கள். மின்விசிறி ஓடலாம், ஆமைக்கு நேராக வேண்டாம்.

மேலோட்டமான சிராய்ப்பு என்றால் இதோடு முடிந்தது. க்ரீம் தேவையில்லை. நாளுக்கு ஒருமுறை, மூன்று நாள் சுத்தம் செய்தால் போதும். தகடு பெயர்ந்து அடியிலுள்ள மெல்லிய அடுக்கு தெரிந்தால் மட்டும் சில்வர் சல்ஃபாடயசினை, அடியில் இருக்கும் நிறம் தெரிகிற அளவுக்கு மெல்லியதாகத் தடவுங்கள். முதல் மூன்று நாள் காலை, மாலை. பிறகு பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருவேளை. ஒவ்வொரு முறையும் பழைய க்ரீமைச் சலைனால் கழுவியபிறகே புதியது. தோசைக்கு வெண்ணெய் தடவுவதுபோல் அப்பினால் அதில் மண்ணும் முடியும் எறும்பும் ஒட்டும், அடியில் ஈரம் தங்கும்.

இப்போது போடக் கூடாதவை. மஞ்சளும் தேங்காயெண்ணெயும்தான் வீட்டில் முதலில் வரும். மஞ்சளின் குணத்தைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. ஆனால் காயத்தை மஞ்சளாக்கிவிட்டால் நாளைக்கு அங்கே சிவக்கிறதா, வெளுக்கிறதா, கசிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? எண்ணெய்ப்படலம் காற்றை அடைத்து அழுக்கை உள்ளே பூட்டும், எறும்பையும் கூப்பிடும். சுண்ணாம்பு காரம், உயிருள்ள தோலைச் சுட்டுவிடும். விபூதி, காப்பித்தூள், நாட்டுப் பவுடர்கள் எல்லாம் ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகி, அடியில் அழுகலுக்குக் கூரை போடும். டெட்டால் வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடு பொங்கி வருவதைப் பார்த்தால் வேலை நடப்பதுபோல் தோன்றும். பொங்குவதில் பாதி நம் ஆமையின் நல்ல திசு.

ஃபெவிக்விக், எம்-சீல், நெயில் பாலிஷ் மூன்றும் மொத்தமாகத் தடை. எந்தக் காயத்தையும் முதல் நாளிலேயே மூடி முத்திரை வைத்தால் உள்ளே மாட்டிய கிருமிக்கு இருட்டும் ஈரமும் இலவசம். எபாக்ஸி இறுகும்போது சூடாகும். வளரும் வயதில் இரண்டு தகடுகளைச் சேர்த்து ஒட்டிவிட்டால் அந்த இடம் வளராமல் ஓடு கோணிப்போகும். மருத்துவர்கள் சில முறிவுகளுக்கு ஒட்டுப்பொருள் பயன்படுத்துவது உண்மை. சுத்தம் செய்து, தொற்று இல்லை என்று உறுதி செய்தபிறகு, விரிசலை நிரப்பாமல் வெளியிலிருந்து கட்டுவதற்காக.

இதையெல்லாம்விட ஆபத்தானது ஐவர்மெக்டின். மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி, புழுவுக்குப் போடும் ஊசியிலும் சொட்டிலும் இருப்பது. ஆமைகளுக்கு அது நரம்பைத் தாக்கும் விஷம், முடங்கிப்போய்ச் சாகும். ஆமையைப் பார்த்துப் பழக்கமில்லாத இடத்தில் யாராவது எடுத்தால் “ஆமைக்கு ஐவர்மெக்டின் ஆகாதுங்களே சார்” என்று தயங்காமல் சொல்லுங்கள். மாட்டுப் புண்ணுக்கு அடிக்கும் ஸ்ப்ரே, டர்பன்டைன், கற்பூர எண்ணெய் எதுவும் ஆமைப் பக்கமே வரக் கூடாது. தரையை ஃபினாயில் போட்டுத் துடைக்கும் வீடுகளில் ஆமை இருக்கும் அறைக்கு மட்டும் வெந்நீர் போதும்.

மருந்துப் பகுதி அவ்வளவுதான். உண்மையான வேலை அதற்கப்புறம் தொடங்குகிறது: உலர வைப்பது. மதுரையிலோ திருச்சியிலோ இது பெரிய விஷயமில்லை. நம் பக்கத்தில் உப்புக்காற்று, வெயில் காலத்திலும் வேர்க்கிற புழுக்கம், ஐப்பசி முதல் மார்கழி வரை சுவரே வியர்க்கும் ஈரம். ஓட்டுக் காயம் ஆறாமல் அழுகலுக்குப் போவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான்.

தோட்டத்தில் விடாமல் உள்ளே வையுங்கள். அடியில் செய்தித்தாள், தினம் இரண்டு முறை மாற்ற வேண்டும். மணல், தென்னைநார்த் துகள், மரத்தூள் மூன்றும் க்ரீமில் ஒட்டும். பழைய துணி விரித்தால் நூல் பிரிந்த ஓரத்தை மடித்துத் தையுங்கள்; நகத்தில் நூல் சுற்றி விரல் கறுத்துப்போவது உண்டு. நில ஆமையை ஊறவிடுவதை முதல் வாரம் நிறுத்திவிட்டு, உதடு நனையும் அளவு தண்ணீரைத் தாம்பாளத்தில் வைத்தால் குடித்துக்கொள்ளும். அதன்பின், காயம் மேலோட்டில் இருந்தால், தாடை உயரத்துக்குக் கீழான வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம், வாரம் இரண்டு முறை. அடியோட்டுக் காயம் என்றால் ஆறும்வரை ஊறல் இல்லை.

நீர் ஆமைக்கு இது சிக்கல், ஏனென்றால் சிவப்புக்காது ஆமை தண்ணீரில்தான் விழுங்கும். மருந்து போட்டபின் குறைந்தது ஒரு மணி நேரம் வெளியே. நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் சுத்தமான தண்ணீரில் விட்டுத் தீனி கொடுத்து, பிறகு எடுத்துத் துடைத்து உலரவிட வேண்டும். மீதி நேரம் உலர்ந்த பிளாஸ்டிக் டப்பில். செத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், சாகாது. ஆனால் நாள் முழுக்கத் தண்ணீர் காட்டாமல் விட்டால் வாடிவிடும். அழுக்குத் தொட்டித் தண்ணீரில் திரும்பப் போடுவது, செய்த வேலையைத் தூக்கிக் குப்பையில் போடுவதற்குச் சமம். இந்த இனம் வளரும்போது தகட்டின் மேல்படலத்தை மெல்லிய கண்ணாடித்தாள்போல் உரிக்கும், அது காயமல்ல. நில ஆமை உரித்தால்தான் கவலை.

ஈ. இதற்குத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மீன் காயும் ஊர்களில் ஈக்குப் பஞ்சமில்லை. திறந்த காயத்தில் ஈ உட்கார்ந்தால் அரிசிமாவு தூவியதுபோல் வெள்ளை முட்டைகள், ஒரு நாளுக்குள் புழு. கோழி மூடும் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதன்மேல் கொசுவலையைப் போர்த்தினால் காற்றும் வரும், ஈயும் வராது. பஞ்சாரம் இல்லாதவர்கள் அட்டைப்பெட்டியின் மேல்புறத்தை வெட்டி வலை ஒட்டலாம். வலையும் வைக்க முடியாத நிலையில் மட்டும், ஒட்டாத காஸ் ஒரு துண்டு, அதைச் சுற்றி மைக்ரோபோர் டேப். டேப் தகட்டில் மட்டும் ஒட்ட வேண்டும், தோலில் படக் கூடாது, தினமும் மாற்ற வேண்டும். முட்டையைப் பார்த்தால் ஈரப் பிரஷ்ஷால் அப்போதே துடைத்தெடுங்கள். புழுவைப் பார்த்தால் வீட்டு வைத்தியம் முடிந்தது.

ஆமை குளிர்ரத்தப் பிராணி. காயம் ஆறும் வேகத்தை முடிவு செய்வது சுற்றியுள்ள வெப்பம். சல்காட்டாவுக்குப் பகலில் 28 முதல் 32 டிகிரி, ஒரு மூலையில் பல்பின் கீழ் 35 டிகிரிக்குச் சற்று மேல், காயம் இருக்கும்வரை இரவிலும் 25க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் ஆமைக்குத் தண்ணீர் 26 டிகிரியளவு, உலர்மேடை 30க்கு மேல். கத்திரி வெயிலில் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், நிழல்தான் தேட வேண்டும். மார்கழி, தை இரவுகளில் நம் ஊரிலும் 21, 22 டிகிரிக்கு இறங்கும். அப்போது தரையில் படுத்திருக்கும் ஆமையின் எதிர்ப்புச் சக்தி தூங்கிவிடும். புயல் மாதங்களில் பல்பை மட்டும் நம்ப முடியாது. 2011 டிசம்பரில் ‘தானே’ புயல், 2024 நவம்பரில் ‘ஃபெஞ்சல்’ புயல் வந்தபோது நம் பக்கம் மின்சாரம் போன போக்கு எல்லோருக்கும் தெரியும். கையால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றி, துண்டில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். இரண்டு மணிக்கொருமுறை மாற்றினால் இரவை ஓட்டிவிடலாம். இரண்டு பக்கமும் வைத்தால் சூடு அதிகமானால் விலக இடமிருக்காது.

காலை ஏழிலிருந்து ஒன்பது வரை நேர் வெயிலில் அரை மணி நேரம், பாதி நிழலோடு. கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலில் ஓட்டுக்கு வேண்டிய புற ஊதாக்கதிர் வடிகட்டப்பட்டுவிடும். ஓடு எலும்பு என்பதால் சுண்ணாம்புச் சத்து முக்கியம். அதற்குக் கடலோரத்தில் காசு செலவழிக்க வேண்டாம். கரை ஒதுங்கும் கணவாய் ஓட்டைப் பொறுக்கி, இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பு நீக்கி, கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்துப் பெட்டியில் ஒரு துண்டு போடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டாலும் அதுவே. தீனியில் செம்பருத்தி இலையும் பூவும், அருகம்புல், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல், மல்பெரி இலை. பசலையும் பாலக்கும் நாள்தோறும் வேண்டாம். அவற்றிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் நாளே ஒரு படம் எடுங்கள். காயத்தின் பக்கத்தில் ஒரு ஸ்கேல், அதே ஜன்னல் வெளிச்சம், அதே கோணம். மூன்று நாளுக்கு ஒருமுறை அதே மாதிரி. ஆமை ஆறுவது அவ்வளவு மெதுவாக நடப்பதால் தினம் பார்க்கும் கண்ணுக்கு மாற்றமே தெரியாது. படங்களை வரிசையாக வைத்தால்தான் தெரியும். வாரம் ஒருமுறை காலையில் தீனிக்கு முன் எடை பார்த்துக் குறியுங்கள். சிறுநீர் கழித்தாலே ஆமையின் எடை இறங்கும், ஒருமுறை குறைந்ததற்குப் பதறாதீர்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து இறங்கினால் விஷயம் இருக்கிறது.

சரியாகப் போனால் மூன்றாம் நாள் காயம் காய்ந்திருக்கும். இரண்டு வாரத்தில் விளிம்பு மழுங்கி, தீக்குச்சியால் தட்டினால் கெட்டியாகக் கேட்கும். புது கெரட்டின் வரக் குறைந்தது சில மாதங்கள், பெரிய சில்லு என்றால் வருடம்கூட ஆகலாம். தவறாகப் போகிறதென்றால் அடையாளங்கள்: விளிம்பிலிருந்து வெள்ளையோ மஞ்சளோ பக்கத்துத் தகட்டுக்குப் பரவுவது, தகட்டின் அடியில் இளஞ்சிவப்பு, தயிர்க்கட்டிபோல் பொருள், தட்டினால் பொத்தென்ற சத்தம், நாற்றம், தீனி வேண்டாம் என்று மூலையில் கிடப்பது. இதில் ஒன்று வந்தாலும் அயோடினைக் கூட்டிப் போட்டுக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

எங்கே போவது? புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அதற்கும் மேலே தேவைப்பட்டால் சென்னை வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி. ஆமையைத் துண்டு விரித்த அட்டைப்பெட்டியில் மூடி, காற்றுத் துளை போட்டு, காரில் ஏசியை அணைத்துக் கொண்டுபோங்கள். இனம், எடை, அடிபட்ட நாள், இதுவரை போட்ட மருந்து, படங்கள் இவற்றைக் கையில் வைத்திருந்தால் மருத்துவரின் பாதி வேலை குறையும். ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் மனிதருக்குப்போல் நாளுக்கு மூன்று வேளை என்று எதிர்பார்க்காதீர்கள். ஆமையின் உடம்பு மருந்தை மெதுவாகச் செலவழிப்பதால் சில ஊசிகள் மூன்று நாளுக்கு ஒருமுறைதான். நாய்க்கு வாங்கிய மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று உடைத்துக் கொடுக்காதீர்கள்.

ஆறுவதற்குள் காரணத்தைச் சரிசெய்துவிடுங்கள். சல்காட்டா எதிரே இருப்பதைச் சுற்றிப் போகாது, முட்டித் தள்ளப் பார்க்கும். சொரசொரப்பான காம்பவுண்ட் சுவரில் ஒரே ஓரத்தைத் தினமும் தேய்த்துக்கொண்டிருக்கும். ஆமை உயரத்துக்கு அந்தச் சுவரின் அடியில் வழவழப்பான டைல்ஸ் ஒரு வரிசை ஒட்டினால் போதும். ஆனால் உருவம் தெரியும் பளபள டைல்ஸ் வேண்டாம், ஆண் ஆமை தன் பிம்பத்தோடு சண்டைக்குப் போய் முன்விளிம்பை உடைத்துக்கொள்ளும். இரண்டு ஆண்கள் இருந்தால் தனித்தனியாகப் பிரியுங்கள். திண்ணை, படிக்கட்டு ஓரத்தில் ஆமை உயரத்துக்கு ஒரு பலகை. இருசக்கர வண்டியைப் பின்னால் எடுக்கும் முன் சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்ப்பது. வெயிலில் அது தேடிப்போகும் நிழல் அங்கேதான். இரவில் பெருச்சாளி நுழையாத கம்பிவலைப் பெட்டி, அடிப்பாகத்துக்கும் சேர்த்து வலை.

தோட்டத்தில் திரும்ப விடும் நாள் காயம் மூடிய நாள் அல்ல. தீக்குச்சியால் தட்டினால் பக்கத்துத் தகட்டின் சத்தமே அங்கேயும் கேட்கும் நாள். புதிதாக வந்த இடம் மற்றதைவிட வெளிறி, வளையக்கோடு இல்லாமல், கொஞ்சம் பள்ளமாகவே இருக்கும். அதன்மேல் பழைய செத்த துண்டு ஒன்று தொப்பிபோல் ஒட்டிக்கொண்டிருந்தால், ஆடினாலும் கையை வைக்காதீர்கள். கீழே வளர்வது முடிந்ததும் அது ஒருநாள் தானாகச் செய்தித்தாளில் விழுந்து கிடக்கும்.